ஐம்பத்தைந்தில் பூட்டிய பெட்டி

முதல் தடவை எஞ்சின் நின்றது பட்டப்பகலில், அதியமான்கோட்டையைத் தாண்டி நேராகப் போகிற சாலையில். புகை இல்லை, சத்தம் இல்லை. காலுக்கடியில் எப்போதும் இருக்கிற அதிர்வு மட்டும் திடீரென்று இல்லாமல் போனது. டேஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பின்னால் லோடு தள்ள, ஸ்டியரிங் கல்லாக இறுக, எப்படியோ ஓரம் கட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

அதன்பிறகு அது அடிக்கடி நடந்தது. காலையில் ஒரு குறையும் இருக்காது. வெயில் ஏறிய பிறகுதான் நிற்கும். மாடுகூடப் படுப்பதற்கு முன்னால் முன்னங்காலை மடக்கும், பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்த வண்டி அப்படி எந்த அடையாளமும் காட்டவில்லை. நின்றுகொண்டிருக்கிற ஆள் நின்றபடியே செத்துப்போவது போல இருந்தது.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. லாரி ஓட்டுவது எனக்குப் பிடித்துப்போனதற்கே அதுதான் காரணம். கிளீனர்கூட வைத்துக்கொள்வதில்லை. பழைய லாரி ஒன்று சொந்தமாக இருக்கிறது. எங்கள் ஊரைச் சுற்றித் தோட்டங்களில் பிடுங்குகிற குச்சிக்கிழங்கை, மரவள்ளி என்றும் சொல்வார்கள், ஏற்றிக்கொண்டு போய்ச் சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி மில்லில் இறக்குவேன். நடுவில் தொப்பூர் இறக்கம் இருக்கிறது.

அந்த இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லோடு வண்டியை அங்கே மூன்றாவது கியரில் போட்டுத்தான் இறக்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வந்துவிடலாம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் டீசல் மிச்சமாகும், வேகமும் சும்மா கிடைக்கும். ஆனால் அதற்கப்புறம் வண்டியைப் பிடிக்க பிரேக்கைத் தவிர எதுவும் இல்லை. பிரேக் சூடேறிவிட்டால் அதுவும் இல்லை. நியூட்ரலில் இறங்காதே என்று வழி முழுக்க போர்டு வைத்திருக்கிறார்கள். நான் ஒரு நாளும் அப்படி இறங்கியவன் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதற்காகச் சொல்கிறேன்.

எஞ்சின் நிற்பதை வீட்டில் மறைத்துவைத்திருந்தேன். கிழங்குத் தோட்டத்துக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். சாப்பாட்டைப் போட்டுவிட்டு என் மனைவி எதிரில் உட்கார்ந்தாள்.

"தட்டை ரோட்டுல நின்னா ஓரங்கட்டிடுவீங்க. தொப்பூர்ல, கியர் மாத்தற நேரத்துல நின்னா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. நின்னா என்ன ஆவும்?"

"எஞ்சின் ஓடலன்னா பிரேக்குக்குக் காத்து ஏறாது. பிரேக் புடிக்காது."

"அப்ப அதச் சரி பண்ணிட்டு எறங்குங்க. இல்லன்னா எறங்காதீங்க."

சர்வீஸ் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். என்னைவிட வயதில் சின்னவர். கை வேலை செய்கிற நேரமெல்லாம் வாயும் வேலை செய்யும். லேப்டாப்பை ஒயரால் வண்டியோடு இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, சூடேறும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார். கண் முன்னாலேயே எஞ்சின் நின்றது.

"வண்டிக்கு ஒன்னும் இல்லண்ணா. மூளைதான் போயிருச்சு" என்றார்.

கிளீனர் சீட்டைத் தூக்கி, அதற்கடியில் ஒரு தகட்டைக் கழற்றிக் காட்டினார். சப்பையான அலுமினியப் பெட்டி, இரண்டு தடித்த ஒயர்க் கொத்துகளோடு உட்கார்ந்திருந்தது. எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் அதுதான். இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை.

"உள்ள ஈயத்தால பத்த வச்சிருக்கறது எங்கயோ விண்டுபோச்சு. சூடானா வெலகிக்குது, ஆறுனா ஒட்டிக்குது. கோவக்காரப் பொண்டாட்டி மாதிரி."

"தொறந்து பத்தவைக்க முடியாதா?"

"முடியாதுண்ணா. உள்ள பூரா பிசின ஊத்தி அடைச்சிருக்கறான். இந்த மாடலுக்குப் புதுசும் வர்றதில்ல. உடைக்கிற எடத்துல அதே மாடல் வண்டி கெடைச்சா, அதுல இருக்கற பெட்டியக் கழட்டி மாட்டிக்கலாம்."

இரண்டு பேரும் சேலத்துப் பக்கம் பழைய லாரிகளை உடைக்கிற ஒரு இடத்துக்குப் போனோம். அங்கே லாரி என்று எதுவும் முழுதாக இல்லை. கதவுகள் ஒரு பக்கம், டீசல் டேங்குகள் ஒரு பக்கம், ஸ்டியரிங்குகள் ஒரு கம்பியில் கோத்துத் தொங்கின. எங்களுக்கு வேண்டிய மாடலின் கேபின் மதில் ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் பக்கம் முழுக்க நசுங்கி உள்ளே போயிருந்தது. கிளீனர் பக்கம் ஒரு கீறலும் இல்லை. சீட்டு உறை கிழியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் லேசாகக் குழிந்திருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல.

மெக்கானிக் சீட்டைத் தூக்கித் தகட்டைக் கழற்றினார். அப்படியே நின்றார்.

"அண்ணா, இங்க பாருங்க."

பெட்டியின் மேல் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. காய்ந்து கறுத்துப் போயிருந்தது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிக்குப் பொட்டு வைப்போம். டயர், கண்ணாடி, ஸ்டியரிங், எஞ்சின், எதையும் விடமாட்டோம். ஆனால் சீட்டைத் தூக்கி, நாலு போல்ட்டைக் கழற்றி, உள்ளே யார் கண்ணிலும் படாமல் இருக்கிற பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பவும் மூடியவர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"யாரோ டிரைவரை வுட்டுட்டு இதத்தான் சாமியா கும்பிட்டிருக்கறாங்க" என்று மெக்கானிக் சிரித்தார்.

அந்த இடத்துக் கடைக்காரரிடம் வண்டி எங்கே அடிபட்டது என்று கேட்டார். "தொப்பூர்" என்றார் அவர். ஓட்டியவர் என்ன ஆனார் என்று நான் கேட்டேன். எனக்கே கேட்காத குரலில்தான் கேட்டிருப்பேன். கடைக்காரர் நசுங்கிய பக்கத்தைக் கையால் காட்டினார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பட்டறையில் பெட்டியை மாற்றினோம். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். பழைய பெட்டியைப் பிடுங்கி, உடைத்த வண்டியில் இருந்து வாங்கி வந்ததை வைத்து, ஒயர்க் கொத்துகளை அழுத்தினார். டக் டக் என்று இரண்டு சத்தம் வந்தது. அப்புறம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என் சாவியை அதற்கு அறிமுகம் செய்தார், சேசிஸ் நம்பரைப் போட்டார், எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சுகிற ஊசிகளின் மேல் இருக்கிற நம்பர்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். பழைய பெட்டியில் இருந்த மற்ற விஷயங்களை எடுத்து இதில் போட்டுவிடலாம் என்று பார்த்தார். பாதியிலேயே அது ஒவ்வொரு தடவையும் செத்துக்கொண்டிருந்தது.

"வுடுங்கண்ணா. மத்ததெல்லாம் இதுல என்ன இருக்குதோ அப்பிடியே இருக்கட்டும்."

பொட்டைத் துடைக்கலாமா என்று கேட்டேன். "அதுவும் இருக்கட்டும்" என்றார்.

சாவியைத் திருப்பினேன். முழுதாகத் திருப்புவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. காத்துக்கொண்டிருந்தது போல. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் வண்டியின் குரல் இல்லை. நின்ற இடத்தில் நிற்கும்போது என் வண்டி கொஞ்சம் தாழ்வாக, தூக்கம் கலையாத ஆள் மாதிரி முனகும். இது அதைவிட உயர்ந்த குரல். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பாட்டை முனகுவது போல இருந்தது.

"ஐடில், அதான் சும்மா நிக்கறப்ப ஓடற வேகம், கொஞ்சம் ஏத்தி வச்சிருக்கறாங்க, அவ்ளதான்" என்றார் மெக்கானிக். "நிக்காம ஓடுதா, அதப் பாருங்க."

நிற்காமல்தான் ஓடியது. லோடு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினேன். வண்டி ஐம்பதைத் தொட்டது. ஐம்பத்தைந்தைத் தொட்டது. முள் அங்கேயே நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தேன். எஞ்சின் அதட்டவும் இல்லை, திணறவும் இல்லை. இடுப்பு வேட்டியைப் பின்னால் இருந்து ஒரு கை பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இழுக்கவில்லை. விடவும் இல்லை. ஓரங்கட்டி இறங்கி, வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எதைப் பார்க்கப் போனேன் என்று எனக்கே தெரியாது.

மெக்கானிக் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அம்பத்தஞ்சுக்கு மேல டீசல் குடுக்காதன்னு பூட்டு போட்டிருக்கறாங்கண்ணா. பெரிய கம்பெனிக்காரங்க டிரைவருங்கள நம்பாம போடுவாங்க. எடுக்கணும்னா போட்டவங்க வச்ச நம்பர் வேணும். தப்பா தட்டிக்கிட்டே இருந்தா பெட்டியே வேல செய்யாமப் போயிடும்."

கடைக்காரருக்குப் போன் போட்டார். அது கம்பெனி வண்டி இல்லை, சொந்த வண்டி. ஓட்டியவருடைய சம்சாரம் அதியமான்கோட்டைக்கு அந்தப் பக்கம், சர்வீஸ் ரோட்டை ஒட்டிச் சாமந்தி போட்டிருக்கிற வீட்டில் இருக்கிறார் என்று தகவல் வந்தது.

"நீ போய்க் கேளு" என்றேன்.

"என்னைய ஏன் அனுப்பறீங்க? வண்டி உங்க வண்டி. பொம்பளைங்ககிட்ட ஒரு நம்பர் கேக்கறதுக்கு இப்பிடி நடுங்கறீங்களே, தாலி கட்டறப்ப யாரு கையப் புடிச்சுக் கட்ட வச்சாங்க?"

நான் போகவில்லை. நாலைந்து நாள் என்று தள்ளியது இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டது. பூட்டோடே ஓட்டினேன். என்னைத் தாண்டாத வண்டி இல்லை. தண்ணி டேங்கர் தாண்டியது, வைக்கோல் ஏற்றிய வண்டி தாண்டியது. மில்லுக்குப் போய்ச் சேரும்போது வரிசை நீண்டிருக்கும். குச்சிக்கிழங்கு பிடுங்கிய பிறகு காத்திருக்காது. நேரம் ஆக ஆக மாவுச் சத்து இறங்கும், விலையும் இறங்கும். தோட்டக்காரர்கள் வேறு வண்டி பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். அந்த நாட்களில் நான் வண்டி ஓட்டும்போது சாலையைப் பார்த்ததைவிட வேகம் காட்டுகிற முள்ளைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். ஐம்பத்தைந்தில் அது ஆணி அடித்தது போல நின்றிருக்கும். பக்கத்துச் சீட்டு காலியாக இருக்கும். அந்தச் சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டேன்.

ஒரு தோட்டக்காரர் நிஜமாகவே வேறு வண்டிக்குப் போய்விட்ட பிறகுதான் அந்த வீட்டுக்குப் போனேன். வண்டியை வேகத்தடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா சாமந்தி வரிசைக்கு நடுவே பூக்கூடையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும்.

"நீங்கதானா அது?" என்றார். "ரெண்டு மூணு வாரமா இந்தத் தடையில ஏறி எறங்கிப் போவுது. காது கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தன். எங்க வண்டி சத்தம்."

"பெட்டி மட்டுந்தாங்க அதோடது" என்றேன். "எஞ்சின் என்னுது."

"சத்தம் எங்களுது."

பூட்டு, நம்பர், மில் வரிசை என்று எதையோ உளறினேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"பூட்டு நாந்தான் போடச் சொன்னேன். எங்க வூட்டுக்காரரு வேகமா ஓட்டற ஆளு. மெக்கானிக் பக்கத்துல நின்னு, நம்பர நானே சொன்னேன். அவருக்குக்கூட அந்த நம்பர் தெரியாது. ஆயுத பூசையன்னிக்கி சீட்டத் தூக்கி அதுக்குப் பொட்டு வச்சது நாந்தாண்ணா. அப்பறம் ஒரு நாள் தொப்பூர்ல போயிட்டாரு. பாத்தவங்க எல்லாரும், பறந்து வந்துச்சுங்கறாங்க. எண்பதுல வந்துச்சு, தொண்ணூறுல வந்துச்சுங்கறாங்க."

அவர் என்னையே பார்த்தார். நான் சாமந்தியைப் பார்த்தேன்.

"அம்பத்தஞ்சுக்கு மேல போவாத வண்டி எப்பிடிண்ணா பறக்கும்? ஒன்னு பூட்டுப் போட்டவன் என்னைய ஏமாத்திட்டான், இல்ல பாத்தவங்க பொய் சொல்றாங்க. எனக்கு அது ஒன்னு தெரியணும். உங்களுக்கு எப்பிடி, பூட்டுப் புடிக்குதா?"

"புடிக்குதுங்க. அம்பத்தஞ்சுக்கு மேல முள்ளு போவாது."

"எறக்கத்துல?"

"நான் மூணாவது கியர்ல முப்பதுல எறக்கறவன். அங்க பூட்டுக்கு வேலையே வர்றதில்லைங்க."

"அவரும் மூணாவதுலதான் எறக்குவாரு. நியூட்ரல்ல வுடமாட்டாரு. நான் பக்கத்துல உக்காந்து போயிருக்கறன், பாத்திருக்கறன்." கூடையை எடுத்துக்கொண்டார். "இன்னும் நாலு நடை எறக்கிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நம்பரத் தர்றன்."

மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த நடையா, அதற்கும் அடுத்ததா, சரியாக ஞாபகமில்லை. தோட்டத்தில் ஆள் வராமல் லோடு தாமதம். உச்சி வெயில் தாண்டிவிட்டது. டோல்கேட்டைத் தாண்டும்போது எனக்குப் பிறகு லோடு ஏற்றியவர்கள்கூட என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். இறக்கத்தின் தலையில் எப்போதும் போல மூன்றாவது கியரைப் போட்டேன். அதை நன்றாக அறிவேன். சொன்னால் சத்தியம்கூடச் செய்வேன்.

முதலில் கேட்டது தார்ப்பாய் படபடக்கிற சத்தம். அது எல்லா நாளும் படபடப்பதுதான், எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்காது. அன்றைக்கு ஒவ்வொரு அடியாகக் கேட்டது. அப்புறம் கண்ணாடி இடுக்கில் காற்று ஊதுகிற சத்தம். அப்புறம் டயர்கள் தாரில் உருள்கிற சத்தம். எல்லாம் தெளிவாக, அழகாக இருந்தது. ஏன் இப்படி அமைதியாக இருக்கிறது என்று யோசித்தேன். அதற்குப் பதில் போல, பக்கத்துச் சீட்டுக்கடியில் இருந்து வருவது மாதிரி அந்த உயர்ந்த குரல், பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற அந்த ஐடில் சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தேன். என் இடது கை கியர் கம்பியின் தலையில் இருந்தது. கம்பி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நியூட்ரல்.

கிளட்ச்சை மிதித்தது எனக்கு நினைவில்லை. கியரைத் தள்ளியது நினைவில்லை. என் இடது கால் தரையில் சாவகாசமாக இருந்தது. முள் அறுபதைத் தாண்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக ஐம்பத்தைந்தில் ஆணியடித்து நின்ற முள், அந்த இடத்தை ஒரு நாளும் நின்றறியாதது போலக் கடந்து போனது. பெட்டி சும்மா இருந்தது. அதற்கு டீசலைப் பிடிக்கத்தான் தெரியும். டீசலே கேட்காமல் மலையே தள்ளுகிற வண்டியை அது என்ன செய்யும்?

கியரை உள்ளே தள்ளப் பார்த்தேன். பல் அரைத்துக்கொண்டு வெளியே துப்பியது. பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். கருகுகிற நாற்றம் கேபினுக்குள் வந்தது. முன்னால் வளைவும், வளைவுக்கு அந்தப் பக்கம் மெதுவாக இறங்குகிற ஒரு டேங்கரின் முதுகும் தெரிந்தன. மறுபடி மிதித்து, மறுபடி தள்ளியதில் கியர் ஏதோ ஒன்றில் விழுந்தது. எஞ்சின் அலறியது. அந்த அலறலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. டேங்கருக்கு இந்தப் பக்கம், ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு வண்டி அடங்கியது.

இறங்கவில்லை. சக்கரங்களில் இருந்து புகை எழும்பி என் ஜன்னலைத் தாண்டிப் போனது. இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தில் கிழங்கு மண், பழைய தழும்பு, எல்லாம் என்னுடையதுதான். அப்போது எனக்குப் புரிந்தது. நேர்ச்சாலையில் பூட்டு பிடுங்கிக்கொண்ட நேரத்தை வேறு எங்கே போய்ப் பிடிப்பது? பூட்டுக்கு எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து அதை முடிவு செய்வதில்லை. பின்னால் இருந்து ஒரு கை பிடித்துக்கொண்டே இருந்தால், விடுகிற இடத்தை உடம்பு தானாகக் கண்டுபிடித்துவிடும். அந்த மனிதர் கண்டுபிடித்தார். மூன்று வாரத்தில் நானும் கண்டுபிடித்துவிட்டேன். அதே பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில்.

அந்த அம்மாவிடம் போகாமல் இருந்திருக்கலாம். நம்பர் இல்லாவிட்டால் வேறு பெட்டி தேடலாம். ஆனால் மில்லில் இருந்து காலியாகத் திரும்பி வரும்போது, வேகத்தடைக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். சத்தம் கேட்டு வந்திருப்பார். நிறுத்தாமல் போக முடியவில்லை.

"எறக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தங்க."

"பூட்டு?"

"பூட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. உங்கள யாரும் ஏமாத்தல."

"அப்பப் பாத்தவங்கதான் பொய் சொல்றாங்க."

அவர் முகத்தில் ஏதோ இளகியது. அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு ஆசையாக இருந்தது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் இன்னொருவர் அந்தப் பெட்டியை எங்கேயாவது மாட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிற்கலாம், அந்த ஆள் உண்மையைச் சொல்லிவிடலாம். அல்லது சொல்வதற்கு முன்னால் அவரும் தொப்பூரில் போய்ச் சேரலாம். இடது கையைத் தூக்கினேன். காற்றில் ஒரு கியர் கம்பியைப் பிடித்து, மூன்றாவதில் இருந்து நடுவுக்கு இழுத்து, லேசாக ஆட்டிக் காட்டினேன்.

லாரிக்காரர் சம்சாரத்துக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கீழே விட்ட பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டுப் போட்டு உங்களுக்கு எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம் இருக்குங்க."

"அவருக்கு ஒரு வருசம்" என்றார். அப்புறம், "அப்ப, நான் பக்கத்துல உக்காந்திருந்த அன்னிக்கி மட்டுந்தான் மூணாவது" என்றார்.



பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். ஏறி வந்து, பழக்கப்பட்ட கையால் சீட்டைத் தூக்கினார். பொட்டின் மேல் விரலை வைத்தார். துடைக்கவும் இல்லை, தடவவும் இல்லை. சூடு இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியில் வைப்பது போல வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டார். அப்புறம் நம்பரைச் சொன்னார். எழுதிக்கொள்ளப் பேப்பர் இல்லாமல் உள்ளங்கையில் எழுதினேன். இடது உள்ளங்கையில். எழுதி முடிக்கும்வரை அவர் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

மெக்கானிக் நம்பரைத் தட்டிப் பூட்டை எடுத்துவிட்டார். "போச்சுண்ணா. இனிமே நீங்க ராசா" என்றார். ஐடிலையும் இறக்கச் சொன்னேன். வண்டி தன் பழைய குரலுக்கு வந்தது. பிரேக்குக்குப் புது லைனிங் போட்டோம். அடுத்த நடையில் மில் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே வண்டிகள். நேரம் மிச்சம் இருந்தது. டீ குடித்தேன், கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு நடை கழித்து, அவசரமே இல்லாத ஒரு காலையில், இறக்கத்தின் அதே வளைவுக்குச் சற்று முன்னால், தார்ப்பாய் படபடப்பது எனக்குக் கேட்கப் போகிறது என்று தோன்றியது. இன்னும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். இடது கால் கிளட்ச்சின் மேல் இருந்தது. இடது கை கியர் கம்பியின் மேல் இருந்தது. இரண்டும் எனக்காகக் காத்திருக்காமல் வேலையை ஆரம்பித்திருந்தன.

பெட்டியில் பூட்டு இல்லை. அதனால் இது பெட்டியின் வேலை இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இறக்கத்தின் தலையில் ஓரமாக நிறுத்துவேன். மூன்றாவது கியரைப் போட்டு, என் துண்டால் கியர் கம்பியைக் கிளீனர் சீட்டின் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவேன். அந்தச் சீட்டுக்கடியில்தான் பெட்டி இருக்கிறது. கட்டிய பிறகுதான் வண்டியை நகர்த்துவேன். கீழே போய்த்தான் அவிழ்ப்பேன். பார்த்த டிரைவர்கள் சிரிக்கிறார்கள். "என்னங்க, மாட்டக் கட்டறாப்புல கட்டறீங்க, ஓடிருமா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் இன்னும் சிரித்தார். என் மனைவியிடம் துண்டு ஏன் இப்படி முறுக்கிப் போயிருக்கிறது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னொரு கெட்டித் துண்டு வாங்கி வைத்தாள்.

வண்டியின் குரல் மாறிவிட்டது. அந்த அம்மாவுக்கு இனிமேல் கேட்டு அடையாளம் தெரிய வழியில்லை. ஆனாலும் நான் லோடோடு அந்த வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் சாமந்திக்கு நடுவே நிமிர்ந்து நிற்கிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கும் அது வசதிதான். ஸ்டியரிங்கில் இருக்கிற இடது கையைத்தான் பார்க்கிறார். நான் அதைத் தூக்கி, விரல்களை விரித்து, அவருக்குக் காட்டுகிறேன். பார்த்துவிட்டுக் குனிந்து பூப்பறிக்கத் தொடங்குகிறார்.

சில நாட்களில் அந்தக் கை, தூக்க வேண்டும் என்று நான் நினைத்து ஒரு கணம் கழித்துத்தான் எழும்புகிறது.